வாத்துக்கு ஒரு நியாயம், எங்க பிள்ளைக்கு ஒரு நியாயமா?

2021 டிசம்பர் கடைசியில, நார்த்தாமலைப் பக்கம் துப்பாக்கி சுடும் தளத்துலேர்ந்து பறந்து வந்த குண்டு, தாத்தா வீட்டுல இருந்த 11 வயசுப் பையன் தலையில பாய்ஞ்சுது. ஜனவரியில பிள்ளை போயிட்டான். ஊரே கொதிச்சுது, தளத்தை மூடினாங்க. நியாயம்தான். எங்க நரிக்குறவர் காலனியில அடுப்படியிலேர்ந்தே பிள்ளைங்க உடம்புக்குள்ள போன ஈயத்துக்கு யாருய்யா கொதிச்சாங்க?

எங்கப்பா லைசென்ஸோட நாட்டுத் துப்பாக்கி வச்சிருந்தார். கடையில ரவை வாங்க ஏது காசு? பழைய பேட்டரித் தகட்டை உடைச்சு, சோறாக்குற அடுப்புலயே கரண்டியில போட்டு உருக்குவார். ஓட்டை போட்ட டப்பா வழியாத் தண்ணியில ஊத்தினா சொட்டுச் சொட்டா ரவை விழும். உருகின ஈயத்து மேல மிதக்குற கசடை வழிச்சு வாசல்ல தட்டுவார். அங்கதான் நாங்க தவழ்ந்தோம். குழாய்ல மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வச்சுக் கெட்டிச்சு, வாயில ஒதுக்கியிருந்த ரவையை உள்ள துப்புவார். அதே கையாலதான் எனக்குச் சோறு ஊட்டுவார்.

வந்த காக்கிச்சட்டை கொஞ்சமா! கொக்கை எண்ணினாங்க, துப்பாக்கியைப் பிடுங்கினாங்க. 1972 வனவிலங்குச் சட்டம் எங்களுக்கு அடி வாங்கியே மனப்பாடம். "வீட்டுக்குள்ள உருக்காதே, பிள்ளைங்களை அண்டவிடாதே, சோப்பு போட்டுக் கழுவிட்டுச் சோத்துல கை வை, தூசியை விளக்குமாத்தால கிளப்பாம ஈரத்துணியால துடை"ன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொன்னாங்களா?

குட்டையில விழுந்த ரவையைத் தின்னு வாத்து சாகுதுன்னு, வாத்து வேட்டைக்கு ஈய ரவையே கூடாதுன்னு அமெரிக்காவுல 1991லயே தடை போட்டாச்சு. வாத்துக்கு!

என் தம்பிக்கு எழுத்தே ஏறலை. "குறவப் பயலுக்கு எங்க படிப்பு வரும்"னார் வாத்தியார். வயித்து வலின்னு சுருண்டு கிடந்தான், பூச்சி மருந்து கொடுத்து அனுப்பினாங்க. ஈயம் பிள்ளைங்க மூளையைப் பிடிக்கும், ரத்தத்தைக் குறைக்கும், வயித்தை முறுக்கும்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது. அவனுக்கு அதாலதான் ஆச்சான்னு கேப்பீங்க. ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தாத்தானே தெரியும்? ஏன் பார்க்கலை?

2023ல எங்களைப் பழங்குடிப் பட்டியல்ல சேர்த்தாங்க. நல்லது. சான்றிதழ் கொடுத்த கையோட பிள்ளைங்க ரத்தத்தையும் பாருங்க, வாசல் மண்ணையும் பாருங்க. எலும்புல வருஷக்கணக்கா உக்காந்திருக்குற ஈயம், பொம்பளை மாசமானா இறங்கி வயித்துப் பிள்ளைக்கும் போகுமாம். எனக்கு இப்ப ஏழாம் மாசம். என் ரத்தத்தை யாரு பார்க்கப் போறா?