கருப்பை அகற்றமும் சில கேள்விகளும்

“மூன்றே நாளில் வீடு திரும்பலாம், தழும்புகூடத் தெரியாது” என்றார் மருத்துவர். என் தமக்கைக்கு அப்போது வயது 44. மாதந்தோறும் மிகுந்த உதிரப்போக்கு. கருப்பையில் ஃபைப்ராய்டு எனப்படும் நார்த்திசுக் கட்டி. ஸ்கேன் அறிக்கையைப் பார்த்த பத்தாவது நிமிடத்தில் லேப்ராஸ்கோப்பி முறையில் கருப்பையை எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. எப்படி எடுப்பது என்பது விரிவாக விளக்கப்பட்டது. எடுக்கத்தான் வேண்டுமா என்பது பேசப்படவே இல்லை.

நுண்துளை அறுவையைக் குறைகூறுவது என் நோக்கமன்று. 1988ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாரி ரீச் என்னும் மருத்துவர் முதன்முதலாக லேப்ராஸ்கோப்பி வழியே கருப்பையை அகற்றினார். இன்று மூன்று நான்கு சிறு துளைகள் போதும். வாயு செலுத்தி வயிற்றை உப்பச் செய்து, கேமரா காட்டும் திரையைப் பார்த்தபடி கருவிகளை இயக்குகின்றனர். வயிற்றைக் கீறுவதோடு ஒப்பிட்டால் வலி குறைவு. காயத்தில் சீழ் வைப்பதும் குறைவு. வாரக்கணக்கில் படுத்துக்கிடக்க இயலாத பெண்களுக்கு இது சிறிய நன்மையன்று.

ஆயினும் இந்தச் சிறுதுளைப் பெருமையில் இரண்டு செய்திகள் மறைந்துபோகின்றன. ஒன்று, வயிற்றில் ஒரு துளைகூட இல்லாத வழியும் உண்டு. யோனி வழியாகவே கருப்பையை எடுக்கும் முறையை, மயக்க மருந்து வழக்கிற்கு வராத 1813ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் லாங்கன்பெக் செய்தார். அடியிறக்கத்திற்கு மட்டுமே உரியது இது என்பது பலரது எண்ணம். ஆனால், இயலும் இடங்களிலெல்லாம் இவ்வழியையே விரும்பத்தக்கதாக அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு பரிந்துரைக்கிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாத முறை என்பதால்தான் விளம்பரப் பலகைகளில் இதற்கு இடமில்லையோ என்று ஐயுறுகிறேன்.

மற்றொன்று, சிறு துளையே எப்போதும் சிறந்தது என்பதும் மெய்யன்று. தொடக்கநிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு நுண்துளை முறையில் அறுவை செய்துகொண்டோரிடையே நோய் மீள்வதும் இறப்பும், வயிறு திறந்து செய்துகொண்டோரைவிட மிகுதி என 2018இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது.

வழியைப் பற்றிய பேச்சு இருக்கட்டும்; தேவையைப் பற்றிப் பேச வேண்டாமா? 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆந்திரப் பிரதேசத்தில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் கருப்பையை இழந்திருந்தனர். நாடு முழுமைக்கும் அது மூன்று பேர் அளவிலேயே இருந்தது. மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் இளவயதிலேயே இவ்வறுவைக்கு உட்படுத்தப்பட்ட செய்தி 2019இல் நாட்டை உலுக்கியது. மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் கூலிப் பிடித்தம் என்பதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. தேவையற்ற கருப்பை அகற்றத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டுமென 2023இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

“பிள்ளை பெற்றாயிற்று, இனி அது எதற்கு?” என்பது நம் வீடுகளிலும் ஒலிக்கும் வாசகம். கருவைச் சுமக்கும் பை என்று பெயரிட்டதாலேயே, கரு தங்காத காலத்தில் அதை வெறும் பை என்று எண்ணத் தலைப்பட்டோம் போலும். சினைப்பைகளை விட்டுவைத்தாலும் மாதவிடாய் நிற்கும் காலம் முந்தி வரக்கூடும். அவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டால் உடனே நின்றுவிடும். எலும்பும் இதயமும் அதன் விலையைக் கொடுக்க நேரிடலாம்.

தமக்கை வேறொரு மருத்துவரிடம் சென்றார். உதிரப்போக்கைக் குறைக்கும் மாத்திரை, ஹார்மோன் சுரக்கும் கருப்பையகச் சாதனம், கட்டியை மட்டும் அகற்றுதல், கட்டிக்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைத்தல் என ஒவ்வொன்றையும் அவர் விளக்கினார். தமக்கை சாதனத்தைத் தேர்ந்தார். மூன்றாண்டுகள் கடந்துவிட்டன, உதிரப்போக்கு பெரிதும் குறைந்து, அறுவைக்குத் தேவையே எழவில்லை. எல்லோருக்கும் இவ்வாறே அமையும் என்று நான் சொல்லவில்லை. புற்றுநோயிலும், வேறெதற்கும் அடங்காத உதிரப்போக்கிலும் கருப்பையை அகற்றுவது உயிர்காக்கும் செயல். அங்கே தயங்குவது பேதைமை.

நான் வேண்டுவது கேள்விகளின் வரிசை மாறாதிருக்க வேண்டும் என்பதே. எடுக்க வேண்டுமா? எடுக்காமல் தீர வழியுண்டா? சினைப்பைகள் என்னாகும்? இவற்றுக்கு விடை கிடைத்தபின், எந்த வழியில் என்று கேட்கலாம். தழும்பின் அளவைக் கடைசியில் பேசிக்கொள்வோம்.