திரும்புவாயா என்ற கேள்வி

புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலைக் கடலோரத்தில் உள்ள லக்விஜய அனல்மின் நிலையம், சீன எக்சிம் வங்கிக் கடனில், சீன நிறுவனம் கட்டியது. 300 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள். முதலாவது 2011இல் இயங்கத் தொடங்கியது. அந்நியத் தொழில்நுட்பரின் அருமையைப் புத்தளம் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் இங்கிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் செல்ல விரும்பும் பிள்ளையின் நிலை வேறு. மாணவர் விசா கேட்டால், படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவேன் என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். அதே பிள்ளை பின்னர் எச்-1பி வேலை விசாவுக்கு மாறினால், குடியேறும் எண்ணம் குற்றமில்லை. 1990ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. இருபது வயதில் மறைக்க வேண்டிய ஆசையை இருபத்தைந்தில் வெளிப்படையாகச் சொல்லலாமாம். இது நியாயமே அல்ல.

எச்-1பி மனுக்களின் அனுமதி விகிதத்தை மட்டும் பார்த்தும் ஏமாறக்கூடாது. அந்த விசாவுக்கு ஆண்டு வரம்பு 85,000. மனு பரிசீலனைக்கு வருமுன், தெரிவிலேயே பலர் கழிந்துவிடுகிறார்கள். வேலை விசாவுக்கு மாறுவது உறுதியில்லை என்பதால், மாணவருக்கும் அந்த 1990ஆம் ஆண்டுச் சலுகையை நீட்ட வேண்டும்.