ஒல்லாந்தர் பெயரிட்ட தீவுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தங்கள் ஊர்களின் பெயர்களையே வைத்தார்கள். காரைநகர் அம்ஸ்ரடாம் ஆனது, வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு றொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ப்ற். இவற்றுள் டெல்ப்ற் மட்டும் ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்திருக்கிறது. மற்றவை பழைய வரைபடங்களோடு நின்றுபோயின. ஊர்ச்சனம் தன் பெயர்களை விட்டுக்கொடுக்கவில்லை.

புலம்பெயர்ந்த யாழ்ப்பாணக் குடும்பங்களுக்கு நெதர்லாந்தின் அம்ஸ்ரடாமும் டெல்ப்ற்றும் விடுமுறைக்குப் போய்வரும் ஊர்கள். பாரிஸிலோ லண்டனிலோ இருந்து ஒரு வார இறுதியில் போய், வாய்க்கால்களையும் பழைய தேவாலயங்களையும் கல் பதித்த வீதிகளையும் பார்த்துத் திரும்பிவிடலாம். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது, அந்த நாட்டவர் இங்கே கட்டிவிட்டுப்போனவற்றையும் பார்க்க வேண்டும். அழகில் அவை குறைந்தவை அல்ல. சொல்லும் கதையோ இன்னும் கனமானது.

தொடங்க வேண்டிய இடம் யாழ்ப்பாணக் கோட்டை. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் பண்ணைக் கடலோரம் நாற்சதுரமாக ஒரு கோட்டை எழுப்பினர். கடைசி அரசன் சங்கிலி கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். 1658இல் றைக்லோப் வான் கூன்ஸ் தலைமையில் வந்த ஒல்லாந்தர் மூன்று மாதத்துக்கும் மேலாக முற்றுகையிட்டு அதைப் பிடித்தார்கள். பிடித்ததை அப்படியே வைத்துக்கொள்ளாமல், பழையதை இடித்து ஐந்து முனை கொண்ட நட்சத்திர வடிவில் புதிதாகக் கட்டினார்கள். உட்கோட்டை வேலை 1680இல் நிறைவுற்றது. வெளி அரண்கள் முடிய 1792 ஆயிற்று. அடுத்த மூன்றாவது ஆண்டிலேயே, 1795இல், கோட்டை சண்டையில்லாமல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. நூறு ஆண்டுக்கும் மேலாகக் கட்டியெழுப்பிய ஓர் அரண், கட்டியவர்களைக் காக்கும் வேளை வந்தபோது ஒரு நாளும் பயன்படவில்லை.

நட்சத்திர வடிவம் அழகுக்காக எழுந்ததல்ல. பீரங்கி வந்தபின் உயரமான நேர்ச்சுவர்கள் பயனற்றுப்போயின. முனைகளை வெளியே நீட்டிக் கட்டினால் ஒரு முனையில் நிற்பவர் அடுத்த முனையின் சுவரடி முழுவதையும் கண்காணிக்கலாம். எதிரி ஒளிய மூலை இருக்காது. நெதர்லாந்தில் ஆறு முனைகளோடு இப்படி அமைந்த நார்டன் நகரம் இன்று பேர்பெற்ற சுற்றுலாத் தலம். யாழ்ப்பாணத்தின் ஐந்து முனைகளும் ஒல்லாந்து, சீலாந்து, உத்ரெக்ட், கெல்டர்லாந்து, பிறீஸ்லாந்து என்று நெதர்லாந்து மாகாணங்களின் பெயர்களைத் தாங்கியிருந்தன.

நார்டனில் காணக் கிடைக்காதது இந்தச் சுவர்களின் கல். யாழ்ப்பாணத்தில் கருங்கல் இல்லை. கடலில் எடுத்த முருகைக்கல்லே கோட்டையின் உடம்பு. சுவரை நெருங்கி நின்று பார்த்தால் கல்லின் முகத்தில் பூவிதழ் போன்ற வரிகளும், வளைந்து நெளியும் கோடுகளும், ஊசி குத்தியதுபோன்ற சிறு துளைகளும் தெரியும். ஒருகாலத்தில் உயிரோடு இருந்த பவளப் பூச்சிகளின் வீடுகள் அவை. மாலை வெயில் சாய்வாக விழும்போது இந்த வரிகள் எழுந்து தெரியும்; கோட்டையைப் பார்க்க அதுவே நல்ல நேரம். மதிலின் மேலிருந்து பண்ணைக் கடலும், அதை ஊடறுத்து மண்டைதீவுப் பக்கம் ஓடும் வீதியும், ஆழமில்லாத தண்ணீரில் இடுப்பளவில் நின்று வலை பார்ப்பவர்களும் ஒருசேரத் தெரியும்.

உள்ளே, 1706இல் சிலுவை வடிவில் எழுந்த ஒல்லாந்தத் தேவாலயம் இருந்தது. 1990இல் கோட்டை முற்றுகையிடப்பட்டு, செப்டெம்பரில் இராணுவம் வெளியேறியது. அந்த ஆண்டுகளின் போரில் தேவாலயம் கற்குவியலானது. போருக்குப் பின் நெதர்லாந்து அரசின் நிதியுதவியோடு தொல்லியல் திணைக்களம் மதில்களைச் செப்பனிட்டது. தேவாலயத்தைப் பழையபடி எழுப்ப வேண்டும் என்பாரும் உண்டு. அது அப்படியே கிடப்பதுதான் சரி. எல்லாவற்றையும் பூசி மெழுகிவிட்டால், வருகிறவருக்கு 1680 தெரியும், 1990 தெரியாது.

கோட்டைக்கு முந்திய காலமும் அங்கேதான் புதைந்திருக்கிறது. உள்ளே நடந்த அகழாய்வுகளில் போர்த்துக்கேயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இவ்விடம் கடல்வணிகத் துறையாக இருந்ததைக் காட்டும் மட்கலத் துண்டுகள், சீனப் பாண்டங்கள் உட்பட, கிடைத்தன. நல்லூரின் பழைய கந்தசுவாமி கோயிலை இடித்தவர்கள் போர்த்துக்கேயர். அதன் கற்கள் கோட்டைக்குப் போயின என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. இன்றைய நல்லூர்க் கோயில் ஒல்லாந்தர் ஆட்சியில், 1734இல் அமைந்தது. கோட்டையையும் கோயிலையும் ஒரே நாளில் பார்ப்பவருக்கு இந்த உறவைச் சொல்ல ஒரு பலகையாவது வேண்டும்.

ஒல்லாந்தர் இங்கே தங்கியது காட்சிக்காக அல்ல. யானை, சாயவேர், பனைமரம், புகையிலை ஆகியவற்றில் வருமானம் இருந்தது. வன்னியில் பிடித்த யானைகள் கடல்நீரேரியைக் கடந்து குடாநாட்டுக்குள் வந்தன. ஆனையிறவின் பெயரிலேயே அந்தக் கதை இருக்கிறது. வழக்குகள் பெருகியபோது தேசாதிபதி சைமன்ஸின் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் ஊர் வழமைகளை எழுத்தில் தொகுத்தார். தமிழாக்கத்தைப் பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்புக்கொள்ள, அது 1707இல் தேசவழமைச் சட்டமாயிற்று. யாழ்ப்பாணத்துக் காணியும் சீதனமும் இன்றும் அதன் வழியேதான் பேசப்படுகின்றன. படைகளோடு வந்த போதகர் பிலிப்பஸ் பால்டேயஸ் இங்குள்ள தேவாலயங்களையும் ஊர்களையும் வருணித்து எழுதிய நூல், படங்களோடு 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியானது. பருத்தித்துறையில் அவர் பெயரால் வழங்கிய புளியமரம் 1964 புயலில் விழுந்தது.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் சிறு கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினார்கள். ஒல்லாந்தர் 1658இல் பிடித்து ஹம்மன்ஹீல் என்றார்கள். ஊர் அதைக் கடற்கோட்டை என்கிறது. படகில் போனால்தான் சேரலாம். நான்கு பக்கமும் தண்ணீரிலிருந்தே எழும் அதன் சுவர்கள் குடாநாட்டின் மிக அழகான காட்சிகளுள் ஒன்று.

நெடுந்தீவுக்குப் போக வேலணை, புங்குடுதீவு வழியாகத் தாம்போதிகளைக் கடந்து குறிகட்டுவானில் படகேற வேண்டும். கடற்பயணம் ஏறத்தாழ ஒரு மணிநேரம். தீவில் முதலில் கண்ணில் படுவன வேலிகள். மற்ற ஊர்களில் கிடுகும் பனைமட்டையும் செய்யும் வேலையை இங்கே முருகைக்கல் செய்கிறது: சாந்து இல்லை, சீமெந்து இல்லை, கல்லின் மேல் கல்லை அடுக்கியே மார்பளவு வேலி. காற்று இடுக்குகளால் புகுந்து போவதால் வேலி சாய்வதில்லை. இவற்றைப் போட்டவர்கள் ஊரவர். எந்தக் கோட்டையைவிடவும் பார்க்கத் தகுந்தவை.

ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு ஒன்றும், போர்த்துக்கேயர் தொடங்கியதாகக் கருதப்படும் கோட்டையின் இடிபாடும், ஆபிரிக்காவிலிருந்து வந்த பெருக்க மரமும் இங்குள்ளன. தெற்கே வெட்டவெளியில் கட்டாக்காலிக் குதிரைகள் மேய்கின்றன. ஐரோப்பியர் காலத்தில் வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்த இவை, கடும் கோடையில் நன்னீருக்கு அலைந்து மெலிகின்றன. படம் எடுக்க வருபவர்கள் பெருகிய அளவுக்கு இவற்றுக்கான தண்ணீர்த் தொட்டிகள் பெருகவில்லை. இந்தக் கடலுக்கு வேறு நினைவும் உண்டு: 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன பயணிகள் நடுக்கடலில் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவுச் சனம் ஆண்டுதோறும் அவர்களை நினைவுகூருகிறது.

தீவுகளைப் பார்க்கத் தோதான காலம் மாசி முதல் சித்திரை வரை. சோளகம் எழும்பிவிட்டால் குறிகட்டுவான் கடல் கொந்தளிக்கும். வாடையில் மழையும் சேரும். நெடுந்தீவுக்குப் போகிறவர் முதற்படகில் போய், திரும்பும் படகின் நேரத்தை இறங்குதுறையிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. குடிதண்ணீரைக் கரையிலிருந்தே கொண்டுபோக வேண்டும்; தீவில் அது ஊரவருக்கே போதாது.