கிட்டே போக முடியாதவர் சுட வேண்டாம்

ஐந்நூறு கஜத்துக்கு அப்பாலிருந்து மானை வீழ்த்தினேன் என்று மார்தட்டுகிறவரிடம் கேட்க எனக்கு ஒரே கேள்விதான் உண்டு: மீதித் தூரத்தை நடந்து கடக்க உங்களுக்கு என்ன கஷ்டம்?

பென்சில்வேனியாவில் தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை மான் வேட்டையின் ரைபிள் பருவம் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வாரங்களில் துப்பாக்கிக் கடைக்குப் போனால், தூரத்தை லேசரால் அளந்து, தோட்டா எவ்வளவு தாழும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் ஸ்கோப்புகள் முன்வரிசையில் மின்னும். பின்னால், சுவரோரமாகப் பழைய லீவர் ரைபிள்கள் சாத்திக் கிடக்கும். நான் சுவரோரக் கட்சி. ஆனால் அந்தக் கட்சிக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் பலவற்றை நான் ஏற்பதில்லை.

சாத்தூர்ப் பக்கத்துக்காரன் நான். இப்போது பென்சில்வேனியாவில் ஒரு தொழிற்சாலையில் லேத், மில்லிங் மிஷின் என்று இரும்போடு மல்லுக்கட்டுவது பிழைப்பு. ‘வின்செஸ்டர்’ என்ற பெயரை முதலில் அறிந்தது சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில், டெக்ஸ் வில்லர் கையில். என் வயதுக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். அவர் சுட்டால் குறி தப்பாது, தோட்டாவும் தீராது. நிஜத் துப்பாக்கி இந்த இரண்டு வரத்தையும் யாருக்கும் கொடுப்பதில்லை.

தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் இந்தப் பேச்சு வந்தால் போதும், “மானையா கொல்றீங்க?” என்று ஒரு குரல் எழும். கேட்பவர் தட்டில் கோழி இருக்கும் என்பதைச் சுட்டிக்காட்டி அவர் வாயை அடைப்பது சுலபம். ஆனால் கேள்வி நியாயமானது; பதிலும் நேராக இருக்க வேண்டும். பென்சில்வேனியாவில் ஓநாயும் மலைச்சிங்கமும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஒழித்துக்கட்டப்பட்டன. மான்களையும் விட்டுவைக்கவில்லை. கறிக்கும் தோலுக்கும் சந்தைக்காகச் சுட்டுத் தள்ளியதில், 1900ஐ ஒட்டி அமெரிக்கா முழுவதிலும் வெள்ளைவால் மான்கள் ஐந்து லட்சம்கூட இல்லை என்பது மதிப்பீடு. 1895இல் மாநில வேட்டை ஆணையம் வந்தது. 1900இல் லேசி சட்டம், சட்டவிரோதமாகக் கொன்ற விலங்குகளை மாநிலம் தாண்டி விற்பதைத் தடுத்தது. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, ரைபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி வசூலாகி, அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்குப் போகிறது. இன்று அமெரிக்காவில் மான்கள் கோடிக்கணக்கில். கொன்று தின்னும் விலங்கு திரும்பாமல் மான் மட்டும் திரும்பியதன் விலையைக் காடு கொடுக்கிறது. ஓக் கன்றுகளையும் ஹெம்லாக் கன்றுகளையும் தலைதூக்க விடாமல் மேய்ந்துவிடுகின்றன. வேலி போட்ட இடத்துக்குள் இளங்காடும், வேலிக்கு வெளியே வெறும் பெரணியும் நிற்பதை இங்கே யாரும் நேரில் பார்க்கலாம்.

தமிழ்நாட்டின் கதை வேறு. அங்கே புள்ளிமானைக் குறைக்கப் புலியும் சிறுத்தையும் செந்நாயும் இருக்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு அங்கே யாராவது காட்டுக்குக் கிளம்பினால் போய்ச் சேரும் இடம் சிறைதான். அது சரியும்கூட.

இனி துப்பாக்கிக்கு வருவோம். என் கையில் இருப்பது 1950களில் செய்த வின்செஸ்டர் 94. யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் துப்பாக்கிக் கொல்லன் மகனாகப் பிறந்த ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1894இல் வெளிவந்தது. மறு ஆண்டே இதற்கென்று ‘தேர்ட்டி தேர்ட்டி’ தோட்டா வந்தது. அதுவரை கரும்புகை கக்கிய வேட்டைத் துப்பாக்கிகளுக்கு நடுவே, புகையில்லா மருந்தோடு அமெரிக்க வேட்டைக்காரர் கைக்கு வந்த முதல் தோட்டாக்களில் அது ஒன்று. லீவரைக் கீழே தள்ளினால் வெற்றுக்கூடு மேல்நோக்கி எகிறும், சுத்தியல் பின்வாங்கி நிற்கும். திரும்ப இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். அதன் பின்னால் ஓர் இரும்புக் கட்டை கீழேயிருந்து எழுந்து கதவைத் தாழிடும். ஒரே கையசைவில் நான்கு வேலை. தொழிலில் இத்தனை வருடம் ஊறிய பிறகும், இதைக் கழற்றிப் பூட்டும்போதெல்லாம் அந்த மனிதரின் மூளையை நினைத்து எனக்குப் பொறாமை வருகிறது.

1964இல் நிறுவனம் செலவைக் குறைத்தது. இழைத்தெடுத்த பாகங்கள் சிலவற்றின் இடத்தில் தகட்டை அழுத்திச் செய்தவை வந்தன. கெட்டியான பின்களுக்குப் பதிலாகத் தகட்டைச் சுருட்டிய பின்கள். வாங்குபவர் கண்டுபிடிக்க மாட்டார் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டார்கள். ‘அறுபத்து நாலுக்கு முந்தியதா?’ என்பதுதான் இன்றும் பழைய வின்செஸ்டர் வாங்க வருகிறவரின் முதல் கேள்வி. மொத்தம் எழுபது லட்சத்துக்கும் மேல் செய்த பிறகு, 2006இல் நியூ ஹேவன் தொழிற்சாலையை மூடினார்கள். இருநூறு பேருக்குச் சற்றுக் குறைவானோர் வேலை இழந்தார்கள். போட்டி நிறுவனமான மார்லினின் கதையும் மேடுபள்ளம்தான். 1948இல் வந்த அவர்களுடைய 336, வெற்றுக்கூட்டைப் பக்கவாட்டில் தள்ளுவதால் மேலே ஸ்கோப் பூட்ட வசதி. கம்பெனி 2007இல் ரெமிங்டன் கைக்குப் போனது, அந்த நிறுவனம் திவாலானதும் 2020இல் ரூகர் வாங்கியது. இப்போது மறுபடி செய்கிறார்கள். ஜமைக்காவில் பிறந்த ஆர்தர் சாவேஜின் 99 இன்னும் அழகான இயந்திரம். அதைப் பற்றித் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

நான் சொல்ல வருவது அழகைப் பற்றி இல்லை. இந்தத் துப்பாக்கியால் என்ன முடியாது என்பதைப் பற்றி.

தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைத் தோட்டாவைப் போட்டால், அதிர்ச்சியில் பின்தோட்டாவின் முனை முன்தோட்டாவின் பிரைமரில் குத்தி வெடிக்கக்கூடும். அதனால் முனை தட்டையாக இருக்க வேண்டும். தட்டை முனை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். 170 கிரெயின் தோட்டா குழலை விட்டுக் கிளம்பும்போது வினாடிக்குச் சுமார் 2,200 அடி. நூறு கஜத்துக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியில், இருநூறு கஜத்தில் அது ஏறக்குறைய எட்டு அங்குலம் கீழே போய்விடும். முந்நூறில் இரண்டடிக்கும் மேல். அண்மைக் காலத்தில் வளையும் ரப்பர் முனைத் தோட்டாக்கள் வந்து கொஞ்சம் தூரத்தைக் கூட்டியிருக்கின்றன. ஆனாலும் நூற்றைம்பது கஜத்துக்குள் போகாமல் இதை வைத்துக்கொண்டு நியாயமாகச் சுட முடியாது. ஸ்கோப் இல்லாத என் துப்பாக்கிக்கு, என் கண்ணுக்கு, நூறே அதிகம்.

நூறு கஜத்துக்குள் போவது என்றால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க வேண்டும். காய்ந்த ஓக் இலையில் கால் வைக்கத் தெரிய வேண்டும். சட்டப்படி தலையிலும் மார்பிலும் முதுகிலும் 250 சதுர அங்குலம் ஆரஞ்சு நிறம் மாட்டிக்கொண்டு, மூக்கையே கண்ணாக வைத்திருக்கும் ஒரு பிராணியை ஏமாற்ற வேண்டும். பெரும்பாலான நாள்கள் அது ஜெயிக்கும். எனக்கு ரைபிள் பழக்கிவிட்ட பக்கத்து வீட்டுப் பெரியவர் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ள மாட்டார். காலையில் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தால் மதியம்வரை அசைவில்லை. வெறுங்கையோடு திரும்பினாலும் காபி குடிக்கும் உற்சாகத்தில் குறைவிருக்காது.

அவ்வளவு கிட்டே வந்துவிட்டால் காது அசைவதும் மூச்சில் ஆவி வருவதும் தெரியும். பின்னால் இன்னொரு மான் நிற்கிறதா, குட்டி தொடர்கிறதா, நெஞ்சு நமக்கு நேர்குறுக்காக இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். வேண்டாம் என்று விரலை எடுத்துவிடவும் முடியும்.

ஐந்நூறு கஜத்தில் நடப்பது வேறு. நவீன ரைபிளின் தோட்டாவுக்கும் அந்தத் தூரம் போய்ச் சேர அரை வினாடிக்கு மேல் ஆகும். விசையை அழுத்திய பிறகு மான் ஒரு அடி எடுத்து வைத்தால் போதும், நுரையீரலுக்கு வைத்த குறி குடலில் பாயும். எந்தக் கணினியும் மானின் அடுத்த அடியைக் கணக்கில் சேர்க்க முடியாது. குடலில் அடிபட்ட மான் ஓடும், மணிக்கணக்கில் தவிக்கும். சுட்டவர் அங்கே நடந்து சேர்வதற்குள் அது நின்ற இடம் எது என்பதே குழம்பிவிடும். 1887இல் தியோடர் ரூஸ்வெல்ட் முன்னின்று தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப், கருவியின் திறனைச் சோதித்துப் பார்ப்பதற்காக வெகுதூரத்தில் சுடுவதை நியாயமான வேட்டையாக ஏற்பதில்லை. துப்பாக்கிக்கு எதிரானவர்கள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது.

என் கட்சிக்காரர்களோடு நான் முரண்படுவது இனிமேல்தான். பழைய துப்பாக்கி என்பதாலேயே அது புனிதமாகிவிடாது. சந்தைக்காக மான்களைக் கொன்று குவித்த காலத்தில், 1873ஆம் ஆண்டு வின்செஸ்டர்தான் புது நுட்பம். வேகமாகச் சுட முடியும் என்பதே அதன் விளம்பரம். 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் பூர்வகுடி வீரர்கள் பலர் கையில் ஹென்றியும் வின்செஸ்டரும் இருந்தன. கஸ்டரின் படையிடம் இருந்ததோ ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் ஸ்பிரிங்ஃபீல்டு. ஆகவே ‘எளிய, பண்பான பழைய ஆயுதம்’ என்று உருகுவது வரலாறு தெரியாத பேச்சு. ஜான் வெய்ன் படம் பார்த்துவிட்டு ஒன்றை வாங்கி, பருவத்துக்கு முந்தைய நாள் நான்கு தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் நுழைகிறவர், ஐந்நூறு கஜத்துக்காரரைவிட மோசமானவர். பழைய குறிகளில், மங்கிய அதிகாலையில், நாற்பது வயது தாண்டிய கண்ணால் சுடுவது கடினம். கண் ஒத்துழைக்காதவர் மார்லினில் சின்ன ஸ்கோப் ஒன்றைப் பூட்டிக்கொள்வதில் எந்தத் தீட்டும் இல்லை.

இன்னொன்று ஈயம். தேர்ட்டி தேர்ட்டிக்குக் காலங்காலமாக ஈயக்கரு தோட்டாதான். எலும்பில் பட்டதும் பொடிப்பொடியாகச் சிதறி, காயத்திலிருந்து வெகுதள்ளியும் கறிக்குள் தங்குவதை எக்ஸ்ரே படங்கள் காட்டியிருக்கின்றன. காட்டில் விட்டுவரும் குடலைத் தின்று கழுகுகள் சாகின்றன. பென்சில்வேனியாவில் வேட்டைக்காரர்கள் தரும் மான்கறி 1991 முதல் ஓர் அமைப்பு வழியாக ஏழைகளுக்கான உணவு வங்கிகளுக்குப் போகிறது, நல்ல காரியம். ஏழைக் குழந்தையின் தட்டில் ஈயம் வேண்டுமா? கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவை முற்றாகத் தடைசெய்துவிட்டது. பழைய ரைபிளுக்கும் பொருந்துகிற தட்டைமுனைச் செம்புத் தோட்டா கடையில் கிடைக்கிறது. விலை கூடுதல்தான். எங்கள் வீட்டில் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுக்கும் கறிக்கு நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். தாத்தா ஈயம் போட்டார் என்பது வாதமே ஆகாது.

பென்சில்வேனியாவில் மான் வேட்டையில் அரைத் தானியங்கி ரைபிள்களுக்கு ஏற்கெனவே அனுமதி இல்லை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு, சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கு மட்டும் என்று 1974இலிருந்து தனிப் பருவமே இருக்கிறது. அதே வழியில், மாநில வேட்டை நிலங்களில் ரைபிள் பருவத்தின் சில நாள்களையாவது ஸ்கோப் இல்லாத துப்பாக்கிகளுக்கு ஒதுக்க வேண்டும். உரிமத்துக்கு முந்தைய பயிற்சி வகுப்பில் எழுத்துத் தேர்வோடு விடாமல், சுட்டுக் காட்டவும் சொல்ல வேண்டும். ஆணையத்திடம் நான் கேட்பது இவ்வளவே.

இங்கே வாழும் தமிழ் இளைஞர்கள் சிலர் லீவர் ரைபிள் வாங்க ஆசைப்படுவதைக் காண்கிறேன். வாங்குங்கள். பழையதாக இருந்தால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டி, பூட்டும் இடம் தேய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜூலையிலேயே பயிற்சி மைதானத்துக்குப் போய், ஒன்பது அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை மாட்டி, எதிலும் சாயாமல் நின்றபடி சுடுங்கள். எந்தத் தூரத்தில் ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழுகிறதோ, உங்கள் வேட்டை அந்தத் தூரத்துக்குள் இருக்கட்டும். அது நாற்பது கஜம்தான் என்றால், நாற்பது கஜத்துக்கு வராத மானைப் போக விடுங்கள்.