மீன் வெட்டின வாளி ஆருக்குச் சொந்தம்?

மயிலிட்டியில மீன் வாங்கினால் அம்மா அங்கேயே வெட்டுவிச்சுத்தான் கொண்டு வருவா. தலை, குடல், செதில் எல்லாம் ஒரு வாளிக்குள்ள விழும். காகங்கள் காவல் நிக்கும். நானும் அந்த வாளியை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இவ்வளவு நாளும் கடந்திருக்கிறன்.

நான் கலைப்பீட மாணவி, இரசாயனவியல் எனக்குத் தூரம். ஆனால் தோசை மா புளிக்கிறதும் கள்ளுப் புளிக்கிறதும் எங்கட ஊருக்குப் புதினமில்லை. மீன்கழிவும் அப்படித்தான். அதை அரைத்து, சர்க்கரையோ கழிவுப்பாகோ கலந்து மூடி வைத்தால், லக்டிக் அமில பக்டீரியாக்கள் இனிப்பைத் தின்று அமிலத்தை உண்டாக்கும். அந்தப் புளிப்பில் அழுகவைக்கும் கிருமிகள் தலையெடுக்கா. மீன்குடலில் இருக்கும் நொதியங்களே புரதத்தை அமினோ அமிலங்களாக உடைத்துவிடும். கிடைக்கும் திரவம் பயிருக்கும் உதவும், கால்நடைத் தீனிக்கும் உதவும். இறால் கோதைப் புளிக்கவைத்தால் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், கைற்றின் மிஞ்சும். அதிலிருந்து செய்யும் கைற்றோசன் காயத்துக்கு இடும் கட்டுகளிலும் நீர் சுத்திகரிப்பிலும் பயன்படுகிறது.

தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகள் மீனையும் வெல்லத்தையும் சம அளவில் போட்டு 'மீன் அமிலம்' செய்கிறார்கள். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் திடீரெண்டு நிறுத்தினபோது, எங்கட கையில இப்படி ஒண்டும் தயாராய் இருக்கேல்லை. மீன் அமிலம் யூரியாவுக்கு முழு ஈடு எண்டு நான் சொல்ல வரேல்லை. கொஞ்சமாவது தாங்கியிருக்கும்.

எனக்கு முக்கியமான கேள்வி வேறை. 1990 இல் இடம்பெயர்ந்த மயிலிட்டிச் சனத்துக்கு 2017 யூலையிலதான் துறைமுகம் விடுபட்டது. 27 வருசம் காத்திருந்து எடுத்த கரை அது. அங்க வாற மீனில ஒரு பங்கைக் காகத்துக்கு விட்டால், நாளைக்கு வெளியிலயிருந்து ஒரு கொம்பனி வந்து அதைச் சல்லிக்காசுக்கு வாங்கும். பிறகு போத்தில்ல அடைச்சு எங்கட வெங்காயத் தோட்டங்களுக்கே விக்கும்.

அதுக்கு முதல் கடற்றொழிலாளர் சங்கமே நாலு பரலோட தொடங்கலாம். கைற்றினுக்கு ஆய்வுகூடம் வேணும், அது பிறகு பாக்கலாம். பசளைக்குப் பரலும் பாகும் பொறுமையும் காணும். மீன் வெட்டிற ஆக்களுக்கும் வருமானத்தில பங்கு இருக்கவேணும். யாழ் பல்கலைக்கழகத்தின்ர விவசாய பீடம் கிளிநொச்சியிலதான் இருக்கு. இதை வாசிக்கிற அந்தப் பீடத்துப் பிள்ளையள், ஒருநாள் மயிலிட்டிக்கு வாங்கோ. பரல் தேடித் தாறது என்ர பொறுப்பு.