ஏட்டில் தங்கிய சொல்லும் காற்றில் கரையும் மெட்டும்

முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்குகிறோம். இயல், இசை, நாடகம் என மொழியை மூன்றாகப் பகுத்துக் கண்ட முன்னோரின் நுண்மாண் நுழைபுலத்தைப் பிற மொழியாளர் முன்னிலையில் எடுத்துரைத்துப் பெருமிதம் கொள்கிறோம். ஆயினும் நம் கல்லூரிகளின் தமிழ் வகுப்பறைக்குள் நுழைந்து நோக்கினால் அங்கே வீற்றிருப்பது இயல் ஒன்றே. ஏனைய இரண்டும் வாயிற்படிக்கு வெளியே நிற்கின்றன. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தைத் தனித்தாளாகப் பாடத்திட்டத்தில் வைத்துப் போற்றும் கல்லூரிகளிலும் நிலை இதுவே. இது குறித்து நம் கருத்தை மாணவச் செல்வங்களும் ஆசிரியப் பெருமக்களும் ஊர்ப் பெரியோரும் ஒருங்கே படிக்கும் இம்மலரில் வெளிப்படையாகக் கூறுவது தக்கதே என்று கருதுகிறோம்.

சீறாப்புராணத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று காண்டங்களில் 5027 விருத்தங்களாக உமறுப்புலவர் பாடிய அப்பெருங்காப்பியத்தை நாம் எவ்வாறு கற்பிக்கிறோம்? நாட்டுப் படலத்து வருணனை, உவமை நயம், அறபுச் சொல்லாட்சி எனக் குறிப்பு வழங்குகிறோம். மாணவர் எழுதுகின்றனர், மதிப்பெண் பெறுகின்றனர். பட்டம் பெற்று வெளியேறும் மாணவருள் ஒரு விருத்தத்தையேனும் இராகத்தோடு பாடக் கேட்டவர் எத்தனை பேர்? விருத்தம் என்பது தாளக் கட்டின்றி இராகத்தை விரித்துப் பாடுதற்கு உரியது. ஒருவர் பாடலை இசைத்துப் படிக்க, மற்றொருவர் பொருள் விரிக்க, ஊரார் திரண்டிருந்து கேட்ட காப்பியம் அது. 1842ஆம் ஆண்டில் செய்கப்துல்காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர் அதனை அச்சேற்றும் வரை ஏட்டுச்சுவடி வைத்திருந்தவர் சிலரே. செவிவழிக் கேட்டவரே பலர். அச்சு வந்து சொல்லைக் காத்தது. மெட்டைக் காக்க அதனால் இயலவில்லை.

1572ஆம் ஆண்டில் ஆயிர மசலா மதுரையில் அரங்கேறியது என்று இலக்கிய வரலாறு கூறுகிறது. ஆலிப் புலவரின் மிகுராசு மாலை கோட்டாற்றில் அரங்கேறியதை வழிவழிச் செய்தியாகச் சொல்வர். அரங்கேற்றம் என்னும் சொல்லிலேயே அரங்கு இருக்கிறது. அதனை வெளியீட்டு விழா என்று நாம் பொருள் கொள்ளப் பழகிவிட்டோம்.

அரங்கு என்றவுடன் மேடையும் பந்தலும் மட்டுமே நினைவுக்கு வருதல் வேண்டா. வீட்டுத் திண்ணையும் அடுப்பங்கரையும்கூட அரங்குகளாக இருந்தன. எம் உம்மம்மா தமிழ் எழுத்து அறியாதவர். ஆனால் அறபு எழுத்தில் தமிழை எழுதும் அறபுத்தமிழை அவர் தங்குதடையின்றிப் படிப்பார். மக்ரிபுத் தொழுகை முடிந்த பின்னர் அண்டை வீட்டுப் பெண்கள் வந்து கூடுவர். நூறு மசலாவின் கதை தொடங்கும். சீன தேசத்து இளவரசி புதிர்போலக் கேள்விகளைத் தொடுக்க, அப்பாசு என்னும் இளவரசன் ஒவ்வொன்றாக விடுவித்து அவளை மணம் முடிக்கும் கதை அது. கேள்வி வரும்பொழுது உம்மம்மாவின் குரல் ஒரு மெட்டில் உயரும். விடை வரும்பொழுது வேறொரு மெட்டில் தணியும். கதை தெரிந்த பெண்கள் விடையை முந்திக்கொண்டு பாடுவர். தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாத அப்பெண்களுக்கு நூறு வினாக்களும் விடைகளும் மனப்பாடம். எழுத்தறிவு விழுக்காடு கணக்கிடுவோர் இவர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பரோ நாம் அறியோம்.

சைத்தூன் கிஸ்ஸா, விறகு வெட்டியார் கிஸ்ஸா, ஐந்து படைப்போர், பெண்புத்தி மாலை, காயல்பட்டினத்துச் சாம் சிகாபுத்தீன் வலியுல்லாவின் ரசூல் மாலை என்று இப்பட்டியல் நீளும். மாலை, கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, படைப்போர், நாமா என நம் புலவர்கள் தமிழுக்கு வழங்கிய சிற்றிலக்கிய வகைகளைத் தேர்வுக்காக வரிசைப்படுத்துகிறோமே, அவற்றுள் பெரும்பாலானவை பாடப்பட்டவை. வெறும் கண்ணால் படித்தால் சில இடங்களில் சலிப்பூட்டுகின்றன என்பதையும் மறைப்பதற்கில்லை. சொன்னதையே அடுத்த கண்ணியில் சொல்வதும், அசைச்சொற்கள் மிகுதியாக வருவதும் தாளில் குறையாகத் தோன்றும். பாடும்போது அந்த இடத்தில்தான் குழுவினர் சேர்ந்துகொள்வர். பாடுபவர் மூச்சு வாங்குவார். இதை அறியாமல் இப்புலவர்களை யாப்பமைதி குறைந்தவர்கள் என்று எழுதும் திறனாய்வு, ஏரைப் படகென்று எண்ணித் தண்ணீரில் விட்டுப் பார்த்ததற்கு ஒப்பாகும்.

பழைய இசைப்பாட்டுப் பதிப்புகளைப் புரட்டிப் பார்ப்போர் ஒன்றைக் கவனித்திருப்பர். பாடலின் தலைப்பில் இராகமும் தாளமும் குறிக்கப்பெற்றிருக்கும். அல்லது அக்காலத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்த வேறொரு பாட்டின் முதலடியைத் தந்து, அதன் மெட்டு என்று அச்சிட்டிருப்பர். அந்த முதலடிக்கு உரிய பாட்டை இன்று நாம் அறியோம். ஆகவே அதன்மேல் கட்டிய பாட்டின் மெட்டும் நமக்கு எட்டுவதில்லை. திறவுகோலைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தோம். இப்போது அந்த வீடே இல்லை. இளமுனைவர் பட்டத்திற்கென நம் கல்லூரிகளில் எழுதப்பெற்ற ஆய்வேடுகளில் இப்பாடல்களின் அணிநலன் பேசப்பட்டுள்ளது. சமுதாயப் பார்வை பேசப்பட்டுள்ளது. தலைப்பிலுள்ள அந்த மெட்டுக் குறிப்பை யாரேனும் பின்தொடர்ந்து சென்றனரா என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சுகிறது.

மெட்டைச் சுமந்து திரிந்தவர்கள் பக்கீர்கள். ஒருபக்கம் மட்டும் தோல் போர்த்திய வட்டமான தாயிராவைக் கையில் ஏந்தி, பச்சைத் தலைப்பாகையும் மணிமாலையும் அணிந்து, ரமலான் மாதத்துச் சஹர் வேளையில் தெருத்தெருவாகப் பாடி ஊரை எழுப்பிய அவர்களை இம்மலரைப் படிக்கும் பெரியோர் பலரும் அறிவர். குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் பராபரக்கண்ணியும் மனோன்மணிக்கண்ணியும் நூலாக நம் கையில் உள்ளன. தொண்டிக்கு அருகில் குணங்குடியில் பிறந்து, சென்னை இராயபுரத்தில் 1838இல் மறைந்த அம்மகானின் பாடல்கள் சமயம் கடந்து எல்லாத் தமிழர் நாவிலும் ஏறியதற்குத் தெருவில் பாடித் திரிந்தோரின் பங்கு சிறிதன்று. ஆனால் நாம் அவர்களுக்குத் தந்த பெயர் என்ன? பிச்சைக்காரர். பெருநாளன்று வாசலுக்கு வருபவருக்கு நாணயமும் அரிசியும் கொடுப்பதோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணினோம். தந்தை பட்ட இழிவைப் பிள்ளைகள் பட விரும்பவில்லை. வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டனர். அதில் தவறு யாதும் இல்லை. கலையைக் காப்பதற்காக ஒருவர் வறுமையில் உழல வேண்டும் என்று சொல்லும் உரிமை வயிறு நிறைந்த எவர்க்கும் கிடையாது.

அண்மையில் முதிய பக்கீர் ஒருவரோடு நெடுநேரம் உரையாடினோம். படைப்போரில் ஒரு பகுதியைப் பாடிக் காட்டினார், நடுவே நிறுத்தினார். "இதற்குமேல் எதிர்ப்பாட்டுப் பாட ஆள் வேண்டும் ஐயா. அவர் மவுத்தாகி ஆறு வருஷமாயிற்று" என்றார். அப்பகுதி இருவர் மாறிமாறிப் பாடுவது. ஒருவர் போனபோது பாட்டில் பாதி போயிற்று என்று நாம் எண்ணினோம். உண்மையில் முழுவதுமே நின்றுபோயிருந்தது.

இதற்கு எதிர்நிலையாக ஒன்றைக் காட்ட வேண்டும். குமரி மாவட்டத்துத் தக்கலையில், நெசவுத் தொழில் செய்து வாழ்ந்த ஞானி பீர்முகம்மது அப்பா அவர்களின் நினைவு நாளில் ஆண்டுதோறும் அவர் இயற்றிய ஞானப்புகழ்ச்சி இரவு முழுவதும் பாடப்பெறுகிறது. எளிதில் பொருள் விளங்கும் பாடல்களல்ல அவை; தமிழாசிரியர்களே உரையின்றித் தடுமாறும் மெய்ஞ்ஞானப் பாடல்கள். அவற்றைக் கடை வைத்திருப்போரும் கூலி வேலை செய்வோரும் வரிசையாக அமர்ந்து பாடுகின்றனர். அங்கே கலைஞர் என்றும் அவையினர் என்றும் பிரிவு இல்லை. பாடத் தெரியாத சிறுவன் தந்தையின் அருகில் அமர்ந்து ஈற்றடியை மட்டும் பிடித்துக்கொள்கிறான். அந்தச் சிறுவனால்தான் அக்கலை உயிரோடிருக்கிறது. நம் கணிப்பில், கல்லூரிகளின் கருத்தரங்குகள் பலவும் சேர்ந்து செய்யாத பணியை அந்த ஓர் இரவு செய்கிறது.

இசைத்தட்டும் ஒலிநாடாவும் வந்ததை இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலாது. நாகூர் இ.எம். ஹனிபா அவர்களின் கணீரென்ற குரல் நம் வீடுகளிலும் மீலாது மேடைகளிலும் திருமணப் பந்தல்களிலும் ஒலித்தது. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் அவர் மறைந்த பின்னரும் ஒலிக்கிறது. காயல் ஷேக் முகம்மது அவர்களின் பாடல்களும் அவ்வாறே. எளிய தமிழில் இறைவனையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களையும் பாடி எல்லாச் சமயத்தாரையும் கேட்கச் செய்தது பெருஞ்சாதனை. ஆனால் ஒன்றையும் உடன் சொல்ல வேண்டும். ஹனிபா அவர்களின் ஒலிநாடா கிடைத்தவுடன், மாப்பிள்ளை ஊர்வலத்தில் பாடிய உள்ளூர்ப் பைத்து சபையை அழைப்பது வீண்செலவு என்று நாம் முடிவு செய்தோம். பிழை பாடகருடையதன்று. பெருங்குரல் ஒன்று கேட்கக் கிடைத்தால் நம் சிறுகுரல் தேவையில்லை என்று எண்ணியதே பிழை. இப்போது அந்த ஒலிநாடாவும் போய், கைப்பேசியும் ஒலிபெருக்கியும் மணமக்களை வரவேற்கின்றன. இலங்கையின் கீழ்க்கரை ஊர்களில் பக்கீர் பைத்தும் கோலடித்து ஆடும் பொல்லடியும் முஸ்லிம்களின் மரபுக் கலைகள் எனப் பெயர் சொல்லிப் பேசப்படுகின்றன. இங்கோ பெயரையே மறந்து வருகிறோம்.

இசை மார்க்கத்திற்கு உகந்ததா என்ற வினா எழும். எழவும் வேண்டும், அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. உலமாப் பெருமக்களிடையே இதில் கருத்து வேறுபாடு நெடுங்காலமாக உண்டு. அதில் தீர்ப்புக் கூறும் தகுதி தமிழ் கற்பிக்கும் நமக்கு இல்லை. எனினும் திருமணத்தில் தஃபு அடித்துப் பாடுவதற்கு நபிமொழிகளில் இடமுண்டு என்பதை அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்பர். கிஸ்ஸாக்களில் ஆதாரமற்ற கதைகள் உள்ளன என்பது மற்றொரு கண்டனம். உள்ளன; ஐயமில்லை. அவற்றை வரலாறு என்று யாரும் கற்பிக்க வேண்டா. இலக்கியம் என்று கற்பிப்போம். பிற சமயத்தாரின் கதைப்பாடல்களை நாட்டார் வழக்காறு என்று ஆராயும் நாம், நம் வீட்டுக் கதைப்பாடலைக் கண்டு மட்டும் கூசுவது ஏன்? கருவி வேண்டா என்போர் கருவியின்றிப் பாடலாம். குரலுக்கு யார் தடை விதித்தார்?

கலைக்கு மதிப்பும் முறையான பயிற்சியும் கிடைத்தால் அது நிலைக்கும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. ஆந்திரத்துக் கரவதியில் 1924இல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா அவர்கள், தஞ்சை நாகசுர மரபை நாடி வந்து நாச்சியார்கோயிலில் குருகுலமாகக் கற்றார். திருவரங்கத்தில் குடியேறி, பள்ளி நிறுவி மாணவர்க்குப் பயிற்றுவித்தார். 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். திருவரங்கத்தில் வாழும் காலீஷாபீ – ஷேக் மகபூப் சுபானி இணையர்க்கு 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. நாகசுரத்தோடு தாயிராவை ஒப்பிடுவது பொருந்தாது என்று சிலர் கூறலாம். கலையின் உயர்வு தாழ்வைப் பற்றி நாம் பேசவில்லை. நாகசுரத்திற்கு ஆசிரியர் இருக்கிறார், மாணவர் இருக்கிறார், சம்பாவனை இருக்கிறது. தாயிராவுக்கு இம்மூன்றும் இல்லை என்பதையே சுட்டுகிறோம்.

தமிழ்த்துறை செய்யக்கூடியது யாது? ஆண்டு விழாவில் இரு சொற்பொழிவுகளுக்கிடையே ஐந்து நிமிடம் பாட வைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்புவதைத் தயைகூர்ந்து விட்டுவிடுவோம். அது மரியாதையாகத் தோன்றும் அவமதிப்பு. ஒரு முழு இரவை அவர்களுக்கு ஒதுக்குவோம். சிறப்புச் சொற்பொழிவாளர்க்கு வழங்கும் தொகையையே அவர்களுக்கும் வழங்குவோம். இசையறிந்தார் ஒருவரை அருகில் அமர்த்தி, மெட்டைச் சுரக் குறிப்பாக எழுதச் செய்வோம். சீறாப்புராணத் தாளில் பத்து மதிப்பெண்ணேனும் பாடிக் காட்டுவதற்கு வைக்கலாமா என்று பாடத்திட்டக் குழு எண்ணிப் பார்க்கட்டும். ஜமாஅத்துப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள்: திருமண விருந்தில் ஒரு பதார்த்தம் குறைந்தால் யாரும் பசியோடு திரும்பப் போவதில்லை, அந்தத் தொகையில் உள்ளூர்ப் பைத்து சபையை அழைக்கலாம்.

மாணவர்களுக்கு உடனே தொடங்கத்தக்க பணி ஒன்று உண்டு. விடுமுறையில் ஊர் செல்லும்போது வீட்டிலும் தெருவிலும் உள்ள முதிய பெண்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். தாலாட்டாயினும் சரி, மாலையாயினும் சரி, பாதி மறந்த கிஸ்ஸாவாயினும் சரி. தனிக்கருவி வேண்டுவதில்லை, கைப்பேசி போதும். அவர்கள் இசைவு பெற்ற பின்னரே பதிவு செய்க. வெளியே ஒலிபரப்ப வேண்டா என்றால் அதற்கு உடன்படுக. பதிவின் தொடக்கத்தில் பாடுபவர் பெயர், ஊர், வயது, யாரிடம் கேட்டுக் கற்றார் என்பன அவர் வாயாலேயே சொல்லப்பட வேண்டும். இறுதியில் இன்னொரு கேள்வி கேட்டல் நன்று: இதே மெட்டில் வேறு எந்தப் பாட்டைப் பாடுவீர்கள்? பழைய பதிப்புகளின் தலைப்பிலிருக்கும் முதலடிகளுள் ஒன்று அந்த விடையில் வந்துவிடக்கூடும். வந்தால், துறை நூலகத்திலுள்ள அந்நூலையும் எடுத்துக்கொண்டு அன்றே எம்மிடம் வருக.