உடுக்குறி இட்ட பந்து

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தின் சேகரிப்பில் வெள்ளைத் தோல் பந்து ஒன்று இருக்கிறது. அதன் மேல் நட்சத்திரம் போன்ற குறியொன்று வெட்டப்பட்டுள்ளது. அச்சகத்தார் உடுக்குறி என்பார்களே, ஒரு சொல்லின் தலைமாட்டில் நின்று, அடியில் இன்னொரு செய்தியும் உண்டு என்று கண்காட்டும் அதே குறிதான். 2007ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள் பாரி பாண்ட்ஸ் என்னும் வீரர் தமது 756ஆவது ஹோம் ரன்னை அடித்த பந்து அது. ஏழரை இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அதை ஏலத்தில் எடுத்த ஆடை வணிகர் ஒருவர், இதை என்ன செய்யலாம் என்று பொதுமக்களிடமே வாக்குக் கேட்டார். குறியிட்டு மண்டபத்துக்கு அனுப்புக என்ற கருத்தே வென்றது. 2008இல் பந்து அவ்வாறே போய்ச் சேர்ந்தது.

பேஸ்பால் நம்மில் பலர் அறியாத ஆட்டம். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி எனலாம். நம் ஆட்டத்தில் ஆறு ஓட்டம் தரும் அடியைப் போல, பந்து தரையைத் தொடாமல் வேலியைத் தாண்டினால் அது ஹோம் ரன். இந்த ஆட்டத்தில் அமெரிக்கர் எண்களின்மேல் வைத்திருக்கும் பற்று வியப்புக்குரியது. பேப் ரூத் தம் வாழ்நாளில் அடித்தவை 714. ஹாங்க் ஏரன் என்னும் கறுப்பினத்தவர் 1974 ஏப்ரல் 8ஆம் நாள் அந்த எண்ணைக் கடந்தார். வெள்ளையர் ஒருவரின் சாதனையை நெருங்கிய குற்றத்துக்காகக் கொலை மிரட்டல் கடிதங்கள் அவருக்குக் குவிந்தன. அத்தனையும் தாங்கி அவர் எட்டியது 755. அந்த எண்ணைத்தான் பாண்ட்ஸ் கடந்தார், 762இல் நின்றார். ஆனால் அவர் உடல் ஸ்டீராய்டு மருந்தால் வலுவேறிய உடல் என்ற ஐயம் அதற்கு முன்பே நாடெங்கும் பரவியிருந்தது.

இங்கே நம் வீட்டுப் பெரியவர்கள் அஞ்ச வேண்டாம். ஆஸ்துமாவுக்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு வேறு. தசையைப் பெருக்குவதற்காக வீரர்கள் மறைவாக ஊசியிட்டுக் கொள்வது ஆண் சுரப்பின் வகையைச் சேர்ந்தது. இதயத்தையும் ஈரலையும் மனநிலையையும் அது தாக்கும். மருத்துவர் சீட்டின்றி அதை விற்பதை அமெரிக்கச் சட்டம் 1990இலேயே தடுத்தது. 1991இல் பேஸ்பால் ஆணையர் ஃபே வின்சென்ட்டும் சுற்றறிக்கை அனுப்பினார். ஆனால் சோதனை என்று ஒன்று இல்லை. சோதனையில்லாத தடை வேலியில்லாத வயல் அன்றோ?

1994இல் வேலைநிறுத்தத்தால் அவ்வாண்டின் இறுதிப் போட்டிகளே நின்றுபோயின. மனம் கசந்த மக்கள் அரங்குகளை விட்டு விலகினார்கள். 1998இல் மார்க் மெக்வயரும் சாமி சோசாவும் போட்டியிட்டு ஹோம் ரன்களைக் குவிக்க, போன மக்கள் திரும்பி வந்தார்கள். மெக்வயர் 70, சோசா 66. அரங்கம் நிறைந்தது, பணப்பெட்டியும் நிறைந்தது. எவரும் கேள்வி கேட்கவில்லை. 2003இல்தான் பெயர் வெளியிடாத முன்னோட்டச் சோதனை நடந்தது. 2005 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு வீரர்களை அழைத்து விசாரித்தது. ஸ்டீராய்டு உட்கொண்டு, பின் மனமுடைந்து தற்கொலை செய்துகொண்ட இளம் வீரர்களின் பெற்றோரும் அன்று சாட்சியம் அளித்தார்கள். நட்சத்திர வீரர்களைப் பார்த்துத்தான் எங்கள் பிள்ளைகள் இந்த வழியில் போனார்கள் என்பதே அவர்கள் முறையீட்டின் சாரம். இது வெறும் விளையாட்டுச் செய்தி அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி, அந்த எண்களை என்ன செய்வது? அடித்துவிடுக என்பார் பலர். ஓட்டப் பந்தயத்தில் அது இயலும். 1988இல் சியோலில் பென் ஜான்சனின் பதக்கத்தைப் பறித்து அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். பேஸ்பால் அப்படியன்று. ஒருவர் அடித்த ஹோம் ரன், பந்தெறிந்தவரின் கணக்கில் பற்றாக ஏறியிருக்கும். அணியின் வெற்றியாகவும் எதிரணியின் தோல்வியாகவும் ஏறியிருக்கும். ஒரு வரியை அழித்தால் பேரேடு முழுவதும் சரியும்.

நம் பங்கு அலுவலகத்துத் திருமுழுக்குப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். அதில் எழுதியதை எந்தப் பங்குத்தந்தையும் கிழித்தெறிய முடியாது. பின்னாளில் உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம் முதலியவை நிகழ்ந்தால் பக்கத்து ஓரத்தில் குறித்து வைப்பார்கள். ஒரு திருமணம் செல்லாதது என்று திருச்சபை நீதிமன்றம் தீர்ப்பளித்தாலும் பழைய பதிவை அழிப்பதில்லை; தீர்ப்பின் விவரம் ஓரத்தில் ஏறும், அவ்வளவே. அந்தக் குறிப்பும் சந்தைப் பேச்சைக் கேட்டு எழுதப்படுவதில்லை. கையொப்பமும் முத்திரையும் உள்ள ஆவணம் கையில் இருந்தால்தான் எழுதப்படும். பேஸ்பாலின் பதிவேட்டுக்கும் இதைவிடச் சிறந்த முறை எனக்குத் தோன்றவில்லை. நடந்தது நடந்ததாக இருக்கட்டும். மெய்ப்பிக்கப்பட்டதும் ஒப்புக்கொள்ளப்பட்டதும் ஓரத்தில் நிற்கட்டும். ஐயத்துக்கு அங்கே இடமில்லை.

உடுக்குறியின் பழைய கதை ஒன்றும் உண்டு. ரூத் 1927இல் ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன் அடித்தார். அன்று பருவத்துக்கு 154 ஆட்டங்கள். 1961இல் அது 162 ஆயிற்று. அவ்வாண்டு ராஜர் மாரிஸ் 61 அடித்தார். அப்போதைய ஆணையர் ஃபோர்டு ஃபிரிக், ரூத்தின் நண்பர். ஒரு காலத்தில் ரூத்தின் பெயரில் கட்டுரைகள் எழுதிக் கொடுத்தவர். 154 ஆட்டங்களுக்குள் அடிக்காவிட்டால் பதிவில் வேறுபாடு காட்டப்பட வேண்டும் என்று பருவத்தின் நடுவிலேயே அவர் அறிவித்துவிட்டார். உண்மையில் எந்த ஏட்டிலும் உடுக்குறி அச்சாகவில்லை; இரண்டு சாதனைகளையும் தனித்தனியே போட்டார்கள். ஆயினும் மக்கள் வாயில் மாரிஸின் பெயரோடு அந்தக் குறி ஒட்டிக்கொண்டது. அந்தப் பருவத்தின் மனஉளைச்சலில் அவருக்குத் தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்ததாம். எந்த மருந்தும் உண்ணாத, எந்த விதியும் மீறாத மனிதர்! 1991இல் ஒரு குழு அந்த வேறுபாட்டை நீக்கி, சாதனை மாரிஸினுடையதே என்றது. அவரோ 1985இலேயே இறந்துவிட்டார்.

ஆதலால், குறி இடுவோர் கை நடுங்க வேண்டும். எட்டாம் கற்பனை பொய்ச் சாட்சியை மட்டும் விலக்கவில்லை. போதிய ஆதாரமின்றி அயலானின் குற்றத்தை உள்ளத்தில் உறுதி செய்வதையும் அது விலக்குகிறது என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். ஜெஃப் பேக்வெல் என்ற வீரர் எந்தச் சோதனையிலும் அகப்பட்டதாக ஒருவரும் காட்டவில்லை. 2007 டிசம்பரில் வெளியாகி 89 வீரர்களைப் பெயர் சொன்ன மிட்செல் அறிக்கையிலும் அவர் பெயர் இல்லை. இருந்தும் பருத்த தோள்களைக் கண்டு முணுமுணுத்தார்கள். புகழ் மண்டபத்தில் இடம் பெற அவர் 2017 வரை, ஏழாம் வாக்கெடுப்பு வரை, காத்திருக்க நேர்ந்தது. 2003ஆம் ஆண்டுச் சோதனையின் கதை இன்னும் வருந்தத்தக்கது. இரகசியம் காப்போம் என்று வாக்களித்துப் பெற்ற மாதிரிகள் அவை. புலனாய்வாளர் கையில் பட்டியல் சிக்கியது. பின்னர் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கசிந்தன. பாவசங்கீர்த்தனம் கேட்க அமரும் எவருக்கும் இச்செய்தி உடலைக் கூசச் செய்யும்.

அவ்வாறு கசிந்த பெயர்களுள் ஒன்று டேவிட் ஓர்ட்டிஸ். அந்தச் சோதனையின் சில முடிவுகள் ஐயத்துக்குரியவை என்று ஆணையர் ராப் மேன்ஃபிரெட் 2016இல் கூறினார். 2022இல் செய்தியாளர்கள் 77.9 விழுக்காடு வாக்களித்து ஓர்ட்டிஸை முதல் ஆண்டிலேயே மண்டபத்தில் சேர்த்தார்கள். தேவையானது 75 விழுக்காடு. அதே வாக்கெடுப்பில், பத்தாவதும் இறுதியுமான முறையாக நின்ற பாண்ட்ஸ் பெற்றது 66. இருவர் நிலையும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. பயிற்சியாளர் தந்த தைலத்தையும் திரவத்தையும் பயன்படுத்தியதாகவும், அவை இன்னவை என்று தமக்குத் தெரியாது என்றும் பாண்ட்ஸ் 2003இல் விசாரணை மன்றத்தில் கூறியிருக்கிறார். நீதிக்கு இடையூறு செய்தார் என்று 2011இல் வந்த தீர்ப்பை மேல்முறையீட்டு மன்றம் 2015இல் தள்ளிவிட்டது. அவர் சொன்னதையும் மன்றம் சொன்னதையும் ஒருங்கே ஓரத்தில் எழுதலாம். அதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது.

மண்டபத்தில் இடம் தருவது வேறு வழக்கு. பதிவு உண்மையின்பாற்பட்டது, மாலை பாராட்டின்பாற்பட்டது. சூதாடியதற்காக 1989இல் விலக்கப்பட்ட பீட் ரோஸின் 4256 அடிகள் ஏட்டில் அப்படியே இருக்கின்றன. மாலையோ அவர் உயிரோடிருந்தவரை கிட்டவில்லை. விதிப்படி போட்டியிடாதவனுக்கு வாகை இல்லை என்ற கருத்தைப் புனித சின்னப்பரும் திமொத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார். எனவே வாக்களிப்போர் மாலையை மறுக்கலாம். அது அவர்கள் மனச்சான்றின் உரிமை. மெக்வயர் 2010 ஜனவரியில் தம் தவற்றை ஒப்புக்கொண்டார். மாரிஸின் துணைவியாரைத் தொலைபேசியில் அழைத்து வருத்தம் தெரிவித்தார். யாருடைய சாதனையைத் தாண்டினாரோ அவர் வீட்டுக் கதவைத் தட்டினாரே, அதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். மருந்தால்தான் அந்த ஹோம் ரன்கள் வந்தன என்பதை மட்டும் அவர் ஏற்கவில்லை. அந்த அளவில் மனஸ்தாபம் அரைகுறை. ஆனால் பொதுவில் தலைகுனிந்தவருக்கு ஒரு வாக்கெடுப்பிலும் நாலில் ஒரு பங்கு வாக்குக்கூடக் கிட்டவில்லை. வாய் திறவாதவருக்கு 66! ஒப்புக்கொள்வதால் பயனில்லை என்று இளைஞர் இதிலிருந்து கற்றுக்கொண்டால் யாரைக் குறை கூறுவது?

ஆயனைப் பற்றியும் சொல்லத்தானே வேண்டும். ஊக்கமருந்துக் காலம் முழுவதும் ஆணையர் பொறுப்பில் இருந்தவர் பட் செலிக். சோதனை முறையைக் கொண்டு வந்ததும் மிட்செல் விசாரணைக்கு ஆணையிட்டதும் அவர்தாம். அதை மறுக்கக் கூடாது. ஆனால் ஆணையர், அணி நிர்வாகிகள், வீரர் சங்கம், வீரர் அனைவருக்கும் பழியில் பங்குண்டு என்று அந்த அறிக்கையே கூறிற்று. 2016 டிசம்பரில் 16 பேர் கொண்ட குழுவில் 15 பேர் வாக்களித்து செலிக்கை மண்டபத்தில் சேர்த்தார்கள். 2022இலும் 2025 டிசம்பரிலும் அத்தகைய குழுக்களின் முன் பாண்ட்ஸின் பெயர் வந்தது; இருமுறையும் மிகச் சில வாக்குகளே விழுந்தன. மேய்ப்பவனுக்கு மாலை, ஆட்டுக்கு வெளிவாசல் என்ற நிலை எனக்கு ஒப்பவில்லை.

ஆவணம் கிடைத்தால் பழைய ஏட்டைத் திருத்துவது இயலாததன்று. 1947இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை கறுப்பினத்தவரைப் பெரிய அணிகள் சேர்க்காததால், அவர்கள் தனிக் குழுக்களாக ஆடினார்கள். பழைய செய்தித்தாள்களில் ஆட்ட விவரங்களைத் தேடித் திரட்டி, 2024 மே மாதத்தில் அவர்களுடைய எண்களும் பெரிய ஏட்டில் சேர்க்கப்பட்டன. மட்டையடிச் சராசரியில் டை காப் வகித்த முதலிடம் ஜாஷ் கிப்சனுக்குப் போயிற்று. அவர் இறந்து 77 ஆண்டுகள் கழிந்தபின்.

எந்த ஆவணத்தாலும் சேர்க்க முடியாத ஒரு கூட்டம் இன்னும் இருக்கிறது. சிற்றூர் அணிகளில், பேருந்துகளில் இரவெல்லாம் பயணம் செய்து ஆடியவர்களுள், பக்கத்துப் படுக்கைக்காரன் ஊசியிட்டுக் கொள்வதைக் கண்டும் தாம் மறுத்தவர்கள் இருந்தார்கள். ஓர் இடத்துக்கு இருவர் போட்டியிட்டபோது ஊசியிட்டவன் மேலே போனான். மறுத்தவன் ஊர் திரும்பி வேறு வேலை தேடிக்கொண்டான். அவன் அடிக்காத ஹோம் ரன்களுக்கு எண் இல்லை. எண் இல்லாத இடத்தில் உடுக்குறியை எங்கே வைப்பது?